நான்கு சீசன் ஆடிய மகள் இனி என்ன செய்வாள்?

கேள்வி: சொந்த ஊர் ஈரோடு. புளோரிடாவுக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்கள் ஒரே மகளுக்கு 27 வயது. சிறு வயதிலிருந்தே பரதம் கற்று, பதினான்கு வயதில் அரங்கேற்றம் முடித்தாள். கல்லூரியில் உயிரியல் படித்தபோது அங்கிருந்த நடனக் குழுவில் சேர்ந்தாள். பிறகு எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என்எஃப்எல் என்னும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணி ஒன்றில், மைதான ஓரத்தில் ஆடி உற்சாகப்படுத்தும் சியர்லீடர் தேர்வுக்குப் போய்த் தேர்வாகிவிட்டாள். நான்கு சீசன் ஆடினாள். பகலில் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை. கடைசி இரண்டு ஆண்டுகள், புதிதாக வரும் பெண்களுக்கு இவள்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தாளாம். இடுப்பு வலியால் இந்த ஆண்டு மறுதேர்வுக்குப் போகவில்லை. அப்போதிருந்து வேலைக்குப் போகிறாள், வருகிறாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். செப்டம்பரில் முதல் ஆட்டத்தன்று தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அழுதாள். இப்போது நடனப் பள்ளி தொடங்கப்போகிறேன் என்கிறாள். "நான்கு வருடம் வீண், இனியாவது எம்.பி.ஏ. படிக்கட்டும்" என்கிறார் கணவர். ஊரில் உறவினர்களிடம் "டான்ஸ் சொல்லிக் கொடுக்கிறாள்" என்றே சொல்லிவைத்திருக்கிறோம். இந்த வேலையை விட்ட பெண்கள் எல்லாம் பிறகு என்ன ஆகிறார்கள்? ரெஸ்யூமேயிலும் வரன் பார்க்கும் குறிப்பிலும் இதைப் போடலாமா, மறைக்கலாமா? தங்கையாக நினைத்துக் கேட்கிறேன்.

பதில்:

அன்புள்ள அக்கா,

புதிதாக வரும் பெண்களுக்கு மகள்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்தாள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேலை மாறுகிறவர்களுக்கு வழி சொல்வது என் தொழில். கடிதத்தைப் படித்தபோது என் கண் நின்ற இடம் அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் மகள் இத்தனை நாள் செய்தது என்ன வேலை என்பதை நீங்களும் உங்கள் கணவரும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாததால்தான் "வீண்" என்ற சொல் உங்கள் வீட்டில் இவ்வளவு எளிதாக வந்து விழுகிறது.

நம்மவர்கள் பலருக்கு சியர்லீடர் என்றால் 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது பவுண்டரி ஓரம் குஞ்சங்களை ஆட்டிக்கொண்டு நின்ற வெளிநாட்டுப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த ஆண்டு பெங்களூரு அணிக்காக வந்து ஆடியவர்கள் வாஷிங்டன் கால்பந்து அணியின் சியர்லீடர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை பேரைத் தாண்டி அந்த இடத்துக்கு வந்தவர்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்த வேலைக்கு வசந்த காலத்தில் தேர்வு நடக்கும். பெரும்பாலான அணிகளில் ஒப்பந்தம் ஒரு சீசனுக்குத்தான். மூன்று ஆண்டு ஆடியவளும் நான்காம் ஆண்டு புதியவர்களோடு வரிசையில் நின்று மறுபடியும் தேர்வாக வேண்டும். அதாவது உங்கள் மகள் நான்கு முறை தேர்வாகியிருக்கிறாள். உங்கள் கணவர் தன் வேலைக்கு ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

தொலைக்காட்சியில் தெரிவது மைதானத்து ஆட்டம் மட்டும். 2021 முதல் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 17 ஆட்டங்கள். அவற்றில் சொந்த மைதானத்தில் நடப்பவை எட்டோ ஒன்பதோ. சீசனுக்கு முந்தைய ஆட்டங்களைச் சேர்த்தாலும் பத்தைச் சுற்றித்தான் வரும். மற்ற நாட்களில் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? அலுவலகம் முடிந்து, வாரத்தில் பல இரவுகள் ஒத்திகை. பல டஜன் நடனங்களை மனப்பாடமாக வைத்திருந்து, எதை அறிவித்தாலும் உடனே ஆட வேண்டும். குழந்தைகள் மருத்துவமனை, பள்ளிக்கூடம், விளம்பரதாரர்களின் விருந்து, ராணுவ முகாம் என்று போகிற இடமெல்லாம் முன்பின் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் முகம் சுளிக்காமல் பேச வேண்டும். போதை ஏறிய ரசிகரை அவர் மனம் நோகாமல் விலக்கி நிறுத்தவும் தெரிய வேண்டும். இதில் நடனம் பாதிகூட இல்லை.

இவ்வளவுக்கும் கிடைத்த கூலி? 1972-இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி பயிற்சி பெற்ற நடனக்காரிகளைக் கொண்டு இன்றைய பாணியைத் தொடங்கிவைத்தது. அந்தப் பத்தாண்டில் ஓர் ஆட்டத்துக்கு அவர்களுக்குக் கொடுத்தது 15 டாலர். நாற்பது ஆண்டு கழித்தும் பெரிதாக மாறிவிடவில்லை. 2014 ஜனவரியில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் சியர்லீடர் ஒருவர் வழக்குத் தொடுத்தபோது, ஆட்டத்துக்கு 125 டாலர், முழு சீசனுக்கு 1,250 டாலர்தான் என்பது ஊரறிய வெளியே வந்தது. ஒத்திகைக்குக் கூலியே கிடையாது. அதே ஆண்டு 12.5 லட்சம் டாலருக்கு அந்த வழக்கில் சமரசம் ஆயிற்று. கலிபோர்னியா மாநிலம், தொழில்முறை அணிகளின் சியர்லீடர்களை ஊழியர்களாகவே நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. 2016 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. டல்லாஸில் 2018-இல் தொடுத்த வழக்குக்குப் பிறகு, மணிக்கு 8 டாலர் 12 ஆயிற்று, ஆட்டத்துக்கு 200 டாலர் 400 ஆயிற்று. 2025-இல் அங்கே சுமார் 400 சதவீத உயர்வு கொடுத்தார்கள் என்ற செய்தியை நீங்களும் பார்த்திருக்கலாம்.

இந்தக் கணக்கையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், சம்பளம் குறைவு என்பதால் அது பொழுதுபோக்கு ஆகிவிடாது. உழைப்புக்கு உரிய கூலி கொடுக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கூலியில் வாழ முடியாது என்பதால், இந்தப் பெண்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்தார்கள், அல்லது படித்தார்கள். செவிலியர், ஆசிரியை, கணக்காளர், பொறியாளர் எல்லாரும் இதில் உண்டு. ஹூஸ்டன் அணிக்கு ஆடிக்கொண்டே நாசா பணிகளில் பொறியாளராக இருந்த பெண்ணும் உண்டு. ஆகவே "பிறகு என்ன ஆகிறார்கள்" என்ற உங்கள் கேள்விக்குப் பாதி பதில் ஏற்கெனவே இருக்கிறது: முன்பே செய்துகொண்டிருந்த வேலையில் பலர் தொடர்கிறார்கள். அது செய்தியாவதில்லை, பாடகியாகவோ நடிகையாகவோ ஆனால்தான் செய்தி.

அப்படிச் செய்தியானவர்களையும் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் கூடைப்பந்து அணிக்கு ஆடிய பவுலா அப்துல் நடன அமைப்பாளராகி, பிறகு பாப் பாடகியாக உலகப் புகழ் பெற்றார். டெரி ஹாட்சர் சான் பிரான்சிஸ்கோ கால்பந்து அணியிலிருந்து தொலைக்காட்சி நடிப்புக்குப் போனார். இவர்களைப் பற்றி உங்கள் மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்த உதாரணங்களால் பயன் அதிகம் இல்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு அமைவதை வைத்து யாருக்கும் வழி சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்தது பிலிஸ் ஸ்மித்தின் கதை. செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெண். 1970-களில் அங்கிருந்த கால்பந்து அணிக்கு சியர்லீடராக இருந்தார், வேறு மேடைகளிலும் ஆடினார். முழங்காலில் அடிபட்டு நடனம் நின்றது. பிறகு வரவேற்பாளர் வேலை உட்படக் கிடைத்ததைச் செய்து, நடிகர்களைத் தேர்வு செய்யும் அலுவலகம் ஒன்றில் உதவியாளராக அமர்ந்தார். தேர்வுக்கு வரும் நடிகர்களுக்கு எதிரே உட்கார்ந்து, எதிர்ப்பாத்திரத்தின் வசனத்தை வாசித்துக் கொடுப்பது அந்த வேலையில் ஒரு பகுதி. பல ஆண்டுகள் அதைச் செய்தார். 'தி ஆபிஸ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு ஆள் எடுத்தபோதும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வாசித்த விதம் இயக்குநருக்குப் பிடித்துப்போக, அவருக்கென்றே ஒரு பாத்திரத்தை உருவாக்கினார்கள். 2005-இல் தொடர் வந்தபோது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். பிறகு பிக்சார் அனிமேஷன் படம் ஒன்றில் 'சோகம்' என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான். நடுவில் இருந்த அந்த நீண்ட காலத்தில் யாராவது அவரைப் பார்த்து "ஆடியதெல்லாம் வீண்" என்று சொல்லியிருக்கலாம். அன்றைய தேதியில் அதை மறுக்கவும் முடிந்திருக்காது. உங்கள் மகள் நிறுத்தி இன்னும் ஓராண்டுகூட ஆகவில்லை.

இன்னொருவர் டார்லின் கவாலியர். பிலடெல்பியா கூடைப்பந்து அணியின் சியர்லீடராக இருந்தவர். டிஸ்கவர் என்ற அறிவியல் இதழில் வேலை பார்த்தபோது அறிவியலில் ஆர்வம் பிடித்தது. பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தார். சாதாரண மக்களும் அறிவியல் ஆய்வுகளில் பங்கெடுக்க வழிசெய்யும் சைஸ்டார்ட்டர் என்ற அமைப்பைத் தொடங்கினார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் ஆனார். பழைய வேலையை அவர் ஒளிக்கவே இல்லை. 'சயின்ஸ் சியர்லீடர்' என்று பெயர் வைத்து, அறிவியல், பொறியியல் துறைகளில் இருக்கும் சியர்லீடர்களைத் திரட்டிப் பள்ளிச் சிறுமிகள் முன்னால் நிறுத்தினார். உயிரியல் படித்த உங்கள் மகள் இவரைப் பற்றித் தேடிப் படிக்கட்டும்.

லிசா குவெரேரோ லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணிக்கு ஆடியவர். அட்லாண்டா, நியூ இங்கிலாந்து அணிகளில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு இயக்குநராக இருந்தார். பிறகு விளையாட்டுச் செய்தியாளரானார். 2003-இல் நாடே பார்க்கும் திங்கள் இரவுக் கால்பந்து ஒளிபரப்பில் மைதானத்து நிருபராக வந்தபோது கடுமையாக விமர்சித்தார்கள், ஒரே சீசனில் அந்த இடம் போயிற்று. அங்கிருந்து புலனாய்வுச் செய்திப் பக்கம் திரும்பி, இன்சைட் எடிஷன் நிகழ்ச்சியின் தலைமைப் புலனாய்வு நிருபராக நிலைத்துவிட்டார். முதலில் போன இடமே கடைசி இடமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காக இவரைச் சொல்கிறேன். உங்கள் கணவர் ஒரே தாவலில் எம்.பி.ஏ.வில் போய் இறங்கச் சொல்கிறார்.

கலிபோர்னியா சட்டத்தைச் சொன்னேனே, அதைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் லொரெனா கொன்சாலஸ், ஸ்டான்ஃபோர்டில் படித்தபோது சியர்லீடராக இருந்தவர். தொழில்முறையில் ஆடியவர் அல்ல. ஆனால் ஒத்திகை அறைக்குள் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் அந்த மாநிலத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமைக்கே வந்தார். அதே துறைக்குள் மேலே போனவர்களும் உண்டு: டல்லாஸ் அணிக்கு 1984 முதல் 1989 வரை ஆடிய கெல்லி ஃபின்கிளாஸ் 1991 முதல் அந்தக் குழுவின் இயக்குநர். ஆனால் அந்த நாற்காலி ஓர் அணிக்கு ஒன்றுதான். முப்பது ஆண்டுகளாக அதில் ஒருவரே உட்கார்ந்திருக்கிறார் என்பதிலிருந்தே அது எவ்வளவு அரிது என்று தெரியவில்லையா?

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். அவளுடைய ரெஸ்யூமேயை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தத் துறையிலிருந்து வருகிறவர்கள் எழுதுவது எனக்குப் பழக்கம். கடைசியில், 'ஆர்வங்கள்' என்ற தலைப்பின் கீழே, சமையலுக்கும் பயணத்துக்கும் நடுவில், "சியர்லீடிங்" என்று ஒரே ஒரு சொல் இருக்கும். வெட்கத்தோடு எழுதிய சொல் என்பது பார்த்தாலே தெரியும். அதை அங்கிருந்து எடுத்து 'பணி அனுபவம்' பகுதியில், காப்பீட்டு நிறுவன வேலைக்கு இணையாக வைக்கச் சொல்லுங்கள். அணியின் பெயர், பதவி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எழுதிவிட்டு, கீழே இப்படி வரிகள் வரட்டும்: "ஆண்டுதோறும் நடக்கும் திறந்த தேர்வில் தொடர்ந்து நான்கு முறை தேர்வு பெற்றேன். முழுநேர வேலையோடு வாரத்தில் இத்தனை மணி நேரம் ஒத்திகை. புதிதாகச் சேர்ந்த இத்தனை பேருக்கு இரண்டு சீசன்கள் பயிற்சி அளித்தேன். அவர்களில் இத்தனை பேர் மறு ஆண்டும் தேர்வாயினர். அணியின் சார்பில் இத்தனை சமூக நிகழ்ச்சிகளில் பங்கேற்றேன்." அந்த 'இத்தனை'களை அவளே நிரப்ப வேண்டும். பழைய நாட்காட்டியையும் கைப்பேசிப் படங்களையும் பார்த்து எண்ணட்டும். எண்ணி முடிக்கும்போது அவளுக்கே ஒரு வியப்பு வரும். மறைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. நேர்காணல் செய்பவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது சீருடைப் படமாகத்தான் இருக்கும். மறைத்ததைக் கண்டுபிடித்தது போல் ஆகிவிடும்.

இப்போது, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று நீங்கள் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன். அமெரிக்காவில் எந்தப் பெரிய காப்பீட்டு நிறுவனத்திலும் புதிய ஊழியர்களைப் பழக்குவதற்கென்று தனிப் பிரிவு இருக்கும். சமூகத் தொடர்புக்கென்றும் ஒரு பிரிவு இருக்கும். ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் சேர்க்கைக் காலம். புளோரிடாவில் முதியவர்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரங்களில் நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் அவர்கள் முன்னால் நின்று, ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்டாலும் சிரித்த முகத்தோடு விளக்கக்கூடியவர்களைத் தேடி நிறுவனங்கள் அலைகின்றன. திட்டங்களை விற்பதென்றால் மாநில உரிமம் வாங்க வேண்டும், அது எட்டாத உயரம் இல்லை. உங்கள் மகள் தன் அலுவலகத்தில் இருபது பேர் முன்னால் ஒரு முறையாவது பேசியிருக்கிறாளா? அறுபதாயிரம் பேர் முன்னால் ஆடியவள் அங்கே காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய மேலாளருக்கு இவள் யார் என்றே தெரியாமல் இருக்கலாம். ஆட்டம்தான் வாழ்க்கை, பகல் வேலை வெறும் வாடகைப் பணம் என்று நினைத்திருந்தால் தன்னைப் பற்றி அங்கே வாய் திறந்திருக்க மாட்டாள். முதல் வேலையாக, பயிற்சிப் பிரிவில் இருக்கும் யாராவது ஒருவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கிப் பேசட்டும். செலவில்லாத காரியம்.

நடனப் பள்ளிக்கு என் பதில்: இப்போது வேண்டாம். ஒருபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னிடம் வரும் முன்னாள் நடனக்காரிகளில் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதைத்தான், அதற்குக் காரணம் ஆசை மட்டும் அல்ல. வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாததும் ஒரு காரணம். பல சீசன் ஆடிவிட்டு வந்த ஒருவர், விட்ட சூட்டோடு ஐந்தாண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கூடம் நாள் முழுக்க அவருடையது, ஆனால் மாணவிகள் பள்ளி விட்டு வரும் மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் வருமானம். குதித்தால் முழங்காலில் அடி இறங்காத மரத் தளம் போட வேண்டும், விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும், வகுப்பில் பாட்டுப் போடுவதற்கு உரிமத் தொகை கட்ட வேண்டும். கற்றுக்கொடுப்பதில் அவர் கெட்டிக்காரர். கட்டணம் பாக்கி வைத்த பெற்றோரிடம் பணம் கேட்கத்தான் தெரியவில்லை. பள்ளியை மூடிய பிறகும் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மகள் முதலில் வேறொருவர் பள்ளியில் வாரம் இரண்டு வகுப்பு எடுக்கட்டும். அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளின் நடனக் குழுக்கள் கோடையில் நடன அமைப்பாளர்களைத் தேடும், அதற்கு விண்ணப்பிக்கட்டும். ஒரு முழு ஆண்டு அப்படிச் செய்த பிறகும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது சலிப்பு வரவில்லை என்றால் பள்ளியைப் பற்றிப் பேசலாம்.

அதோடு ஓர் எச்சரிக்கை. விளம்பரத்துக்கு அணிச் சீருடையில் எடுத்த படத்தைப் போட்டுவிட வேண்டாம். டல்லாஸ் சியர்லீடர்களின் சீருடை போன்ற உடையை ஓர் ஆபாசப் படக்காரர்கள் பயன்படுத்திய வழக்கில், அந்தச் சீருடையே ஒரு வணிக முத்திரைதான் என்று 1979-இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. "முன்னாள் சியர்லீடர்" என்று உண்மையைச் சொல்வது வேறு, சீருடையையும் சின்னத்தையும் வைத்து வியாபாரம் செய்வது வேறு. எதற்கு எவ்வளவு இடம் உண்டு என்று அவளுடைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்ட நாளில் யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை.

கணவரின் எம்.பி.ஏ. யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. எதற்குப் படிக்கிறோம் என்று தெரியாமல் இரண்டு ஆண்டுக் கட்டணம் கட்டுவது, முடிவெடுப்பதைத் தள்ளிப்போட விலை கொடுப்பதுதான். படிப்பே வேண்டும் என்றால், உயிரியல் பட்டமும் அடிபட்ட இடுப்பும் உள்ள பெண்ணுக்குப் பிசியோதெரபி பொருத்தமாக இருக்கலாம். இங்கே அது மூன்றாண்டு முனைவர் படிப்பு, செலவும் அதிகம். உடற்கூறியல், இயற்பியல் போன்ற முன்படிப்புகளைக் கேட்பார்கள். பல கல்லூரிகள் சிகிச்சை மையத்தில் உடனிருந்து பார்த்த நேரத்துக்குச் சான்றும் கேட்கும். அந்த நேரத்தை முதலில் முடிக்கட்டும். விளையாட்டு வீரர்கள் வரும் மையத்துக்கு மட்டும் போகாமல், பக்கவாதம் வந்த முதியவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைக்கும் இடத்துக்கும் போய்ப் பார்க்கட்டும். இந்த வேலையில் அதுவும் ஒரு பகுதி. அது பிடித்தால் படிக்கலாம். உதவியாளர் நிலைக்கு இரண்டாண்டுப் படிப்பும் உண்டு. தொழில் மாறும் நடனக் கலைஞர்களுக்கென்றே 1985-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஓர் அமைப்பு, இப்போது என்டர்டெயின்மென்ட் கம்யூனிட்டி ஃபண்டின் ஒரு பிரிவாக இயங்குகிறது. அங்கே ஆலோசனை கிடைக்கும், படிப்புக்கு உதவித்தொகைக்கும் வழி உண்டு. தனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டு எழுதட்டும்.

இடுப்பு வலியை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நடனக்காரர்களைப் பார்த்துப் பழகிய எலும்பு மருத்துவரிடம் காட்டினீர்களா? காலைத் தலைக்கு மேல் வீசுவதும், எகிறிக் குதித்து அப்படியே கால் விரித்துத் தரையில் இறங்குவதும் இடுப்பு மூட்டின் ஓரக் குருத்தெலும்பைக் கிழிக்கக்கூடும். சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாது. பணியின்போது ஏற்பட்ட காயம் என்றால் இழப்பீடு கேட்க வழி இருக்கிறதா என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதற்கெல்லாம் காலக்கெடு உண்டு, "அவர்களோடு எதற்கு வம்பு" என்று மாதங்களை ஓட்டிவிடாதீர்கள்.

செப்டம்பர் அழுகைக்கு வருகிறேன். அது எனக்கு வியப்பாக இல்லை. "நான் யார்" என்ற கேள்விக்கு விளையாட்டை மட்டுமே பதிலாக வைத்திருந்தவர்களுக்கு, அதை விடும்போது அடி பலமாக விழுகிறது என்று உளவியலாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதி வருகிறார்கள். விட்ட உடனே பலருக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். தூங்கலாம், வயிறாரச் சாப்பிடலாம். வலி வருவது சீசன் தொடங்கும்போது. தன் இடத்தில் வேறொரு பெண் நிற்பதைக் கண்ணால் பார்க்கும்போது. இத்தனை ஆண்டுகள் எத்தனை மணிக்கு எழுவது, என்ன நிறத்தில் உதட்டுச்சாயம் பூசுவது என்பது வரை யாரோ சொன்னார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை முழுதாக அவள் கையில் இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை. ஞாயிறுகளில் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்காரவிடாதீர்கள். எங்காவது அழைத்துப் போங்கள். இல்லையென்றால் அவளோடு ஆடி, அவளுக்கு முன்பே விலகிய பெண்கள் இருப்பார்கள், அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாததை அவர்கள் ஒரு மதியத்தில் சொல்லிவிடுவார்கள். அழுகையோடு தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்பது போல ஏதாவது பேசினால் தயங்காதீர்கள், 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது அக்கா. "கொஞ்சம் உடம்பு வைத்துவிட்டாய்" என்று சொல்லாதீர்கள். நம் வீடுகளில் அது அன்பாகச் சொல்லும் வார்த்தை, எனக்குத் தெரியும். ஆனால் நான்கு ஆண்டுகள் அந்தச் சீருடைக்குள் நுழைய முடிகிறதா என்பதை வைத்தே தன் நாளைக் கணக்கிட்டவள் அவள். இந்தப் பெண்களில் சிலருக்கு விலகிய பிறகுதான் சாப்பாட்டோடு சண்டை முற்றுகிறது. தட்டில் எவ்வளவு போடுகிறாள் என்று பார்க்காமல் பரிமாறுங்கள்.

வரன் குறிப்பில் அவள் சம்மதித்தால் போடுங்கள். சம்மதிப்பாள் என்றுதான் நினைக்கிறேன். படம் கூகுளில் கிடக்கும்போது மறைத்துப் பேசி முடிக்கும் சம்பந்தம், நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் யாரோ ஒரு சித்தப்பா கைப்பேசியோடு வரும்போது ஆட்டம் காணும். தெரிந்த பிறகு விலகுகிறவர்கள் முன்பே விலகட்டும், உங்களுக்கு நேரம் மிச்சம். ஈரோட்டுக்கு ஒரு போன் போட்டு, உங்கள் அக்கா தங்கையிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். "டான்ஸ் சொல்லிக் கொடுக்கிறாள்" என்று நீங்கள் போனில் சொல்வது அறைக்குள் இருக்கும் அவள் காதிலும் விழுந்திருக்கும்.

இதற்கு மேல் அவளிடம்தான் பேச வேண்டும். விருப்பம் இருந்தால் அவளே எழுதட்டும், ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி. ரெஸ்யூமே எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே அனுப்பலாம், ஒப்பந்தத்தின் நகல் ஒன்றும் வேண்டும். சம்பளம் டபிள்யூ-2 படிவத்தில் வந்ததா, 1099-இல் வந்ததா என்றும் பார்த்துச் சொல்லட்டும். ஊழியராக வைத்திருந்தார்களா, ஒப்பந்தக்காரராகவா என்பது அதில் தெரிந்துவிடும். இடுப்புச் சிகிச்சைக்கு யாரிடம் போய்க் கேட்பது என்பதும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததுதான்.

அன்புடன்,
தங்கை